28 பவுனில் தொடங்கிய கடை



சங்கம் தொடங்குவது எளிது, அதை நடத்துவது அரிது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நமது தோட்டப்புறங்களில் எத்தனையோ சங்கங்கள் தோன்றியிருக்கின்றன. கோயில் திருவிழாக் குழு, இளைஞர் மன்றம், மரண சகாய நிதி, கூட்டுறவுப் பண்டகசாலை, கூட்டுறவு நாணயச் சங்கம் எனப் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம். அவற்றுள் சில நிலைத்தன. பல வந்த சுவடு தெரியாமல் மறைந்தன. மறைந்தவற்றைத் தொடங்கியவர்களுக்கு நல்ல எண்ணம் இல்லாமல் இல்லை. அவர்களில் பலரிடம் கணக்குத்தான் இல்லாமற் போயிற்று.

ஆகவே, இன்று ஒரு சங்கத்தின் கணக்கையே வரலாறாகப் பார்க்க எண்ணுகிறோம். அது நம்மைப் போன்ற உழைப்பாளிகள், ஏறக்குறைய வெறுங்கையோடு தொடங்கிய சங்கம். இங்கிலாந்தில் லங்காஷயர் மாவட்டத்தில், மான்செஸ்டர் நகருக்கு அருகில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டு தோன்றியது. உலகக் கூட்டுறவு இயக்கத்தின் தாய்ச் சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அதன் உறுப்பினர் தொகை, முதல், விற்பனை, உபரி ஆகியவை ஆண்டுவாரியாகப் பதிவாகி நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்த எண்களைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால், ஒரு சிறிய சங்கம் எப்படிப் பிழைக்கிறது, எதனால் நோய்ப்படுகிறது, எப்படித் தேறுகிறது என்பது விளங்கும்.

ஊரும் காலமும்

ராச்டேல், பிளானல் என்னும் கம்பளித் துணிக்குப் பேர்பெற்ற நெசவூர். இயந்திரத் தறிகள் வந்த பிறகு கைத்தறிக்காரர்களின் வாழ்வு நொடித்தது. 1840-ஆம் ஆண்டுகளை ஆங்கிலேயர் ‘பசிமிக்க நாற்பதுகள்’ என்றே குறிப்பிடுகிறார்கள். கூலி உயர்வு கேட்டு நெசவாளர்கள் எடுத்த முயற்சியும் தோற்றது.

கூலி குறைவு ஒரு துன்பம். கையில் வந்த கூலி சரியான பொருளாக மாறாதது மற்றொரு துன்பம். கடைகளில் ரொட்டி மாவில் படிகாரமும் வெள்ளைச் சுண்ணப்பொடியும் கலந்தார்கள். எடைக்கற்களையும் நம்ப முடியவில்லை. சில ஆலை முதலாளிகள் தாங்களே கடை வைத்து, கூலியை அங்கேயே கழித்துக்கொண்டார்கள். மற்றக் கடைகளிலோ கடன். கடன் வாங்கியவன் விலையைக் கேட்க முடியுமா? தரத்தைக் குறை சொல்ல முடியுமா? நமது நாட்டில் ‘555’ என்று அட்டையில் அச்சிட்ட சிறு குறிப்புப் புத்தகத்தில் கடைக்கடன் எழுதி, சம்பள நாளில் அதை அடைத்துவிட்டு, மறுநாளே புதுப்பக்கம் திருப்பிய குடும்பங்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு தோல்வி

1844-இல் பிறந்த சங்கமே ராச்டேலின் முதல் கூட்டுறவுக் கடை அன்று. 1833-இல் அதே ஊரில், அதே தெருவில், தொழிலாளர்கள் ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். உறுப்பினர்களுக்குக் கடனாகப் பொருள் கொடுத்தார்கள். வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராமல், ‘நம்மவர்தானே’ என்று கொடுத்தார்கள். கொடுத்த கடன் திரும்பவில்லை. சரக்கு வாங்கக் காசில்லாமல் 1835-இல் கடையை மூடினார்கள். அந்தக் கடையில் பங்குகொண்டவர்களில் சிலர் பத்தாண்டுகள் கழித்துப் புதிய சங்கத்திலும் இருந்தார்கள். அவர்களுள் சார்லஸ் ஹவர்த் என்பவர் முக்கியமானவர். பழைய கடை ஏன் செத்தது என்பதை அறிந்தவர்கள் புதிய கடைக்கு விதி எழுதினார்கள். இது அச்சங்கத்திற்குக் கிடைத்த முதல் சொத்து என்று சொன்னால் மிகையாகாது.

28 பேரும் 28 பவுனும்

ஆளுக்கு ஒரு பவுன் பங்கு என்று வைத்து 28 பேர் சேர்ந்தார்கள். 28 பேரும் நெசவாளர்கள் என்று சொல்வது வழக்கம். உண்மையில் நெசவாளர்களோடு வேறு தொழில் செய்தவர்களும் அதில் இருந்தார்கள். ஒரு பவுன் என்பது 20 ஷில்லிங், அதாவது 240 பென்ஸ். அதை ஒரே தடவையில் கொடுக்க அவர்களுக்கு வசதி இல்லை. வாரம் 2 பென்ஸ் வீதம் செலுத்தத் தொடங்கி, பின்னர் 3 பென்ஸாக உயர்த்தினார்கள். வாரந்தோறும் வீடு வீடாகப் போய் இந்தச் சில்லறையை வசூலித்தார்கள்.

1844 அக்டோபர் 24-ஆம் நாள் சங்கம் பதிவாயிற்று. டோட் லேன் என்னும் தெருவில் ஒரு பண்டகசாலையின் கீழ்த்தளத்தை ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்கு எடுத்தார்கள். மிச்சப் பணத்தில் வாங்கிய சரக்கின் மதிப்பு 16 பவுன் 11 ஷில்லிங் 11 பென்ஸ். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, சில டஜன் மெழுகுவத்தி, இவ்வளவுதான் சரக்கு. டிசம்பர் 21-ஆம் நாள் சனிக்கிழமை மாலையில் கடை திறந்தது. வெளியே தெருப்பிள்ளைகள் கூடிநின்று கேலி செய்தார்கள். தொடக்கத்தில் கடை வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டுமே திறந்திருந்தது. பகலில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள் அல்லவா?

சிறிதாகத் தொடங்கியதை ஒரு குறையாக நாம் நினைக்கக் கூடாது. கையிலிருந்த பணத்துக்குள் வாடகையையும் சரக்கையும் அடக்கிக்கொண்டார்கள். அதனால், முதல் ஆண்டில் கடை நொடித்திருந்தாலும் ஒவ்வொருவரும் இழப்பது ஒரு பவுனைத்தான்.

கணக்கு விதிகள்

சங்கத்தின் விதிகளுள் பணத்தைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ரொக்க வியாபாரம். உறுப்பினர் ஆனாலும், பொறுப்பாளர் ஆனாலும் கடன் கிடையாது. இரண்டாவது, ஊரில் நடக்கும் விலைக்கே விற்பது. விலையைக் குறைத்து விற்றுப் பெயர் வாங்க அவர்கள் முயலவில்லை. ஆனால் பொருள் கலப்படமில்லாதது, எடை சரியானது. மூன்றாவது, பங்குப் பணத்துக்கு அளவான வட்டி. பின்னாளில் அது நூற்றுக்கு 5 என்று நிலைபெற்றது. எவ்வளவு ஆதாயம் வந்தாலும் பங்குக்காரருக்கு அந்த வட்டிக்கு மேல் இல்லை. நான்காவது, மிச்சமாகும் உபரியை, அவரவர் அந்தக் காலாண்டில் எவ்வளவுக்குப் பொருள் வாங்கினாரோ அதற்கேற்பத் திருப்பிக் கொடுப்பது. ஐந்தாவது, பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. ஆறாவது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கை முடித்து, தணிக்கை செய்து, கூட்டத்தில் படிப்பது.

நான்காவது விதியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். தனியார் கடையில் ஆதாயம் முதலாளிக்குப் போகும். இங்கே, ஆண்டுக்கு 20 பவுனுக்குச் சாமான் வாங்கிய ஒரு குடும்பம் உண்டென்று வைத்துக்கொள்வோம். பவுனுக்கு 2 ஷில்லிங் திருப்பிக் கொடுத்தால் அக்குடும்பத்துக்கு 40 ஷில்லிங், அதாவது 2 பவுன் சேரும். அரிசி பருப்பு வாங்கியதிலேயே சேமிப்பு உண்டாவது போன்றது இது. பலர் அந்தப் பணத்தைக் கையில் வாங்காமல் சங்கத்திலேயே முதலாக விட்டுவைத்தார்கள். இப்படித்தான் 28 பவுன் பெருகியது. அடுப்படிச் செலவை நிர்வகித்த பெண்களும் உறுப்பினர்களாகச் சேர்ந்தார்கள். மணமான பெண் தன் சம்பாத்தியத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள 1870-இல்தான் இங்கிலாந்துச் சட்டம் வழிவிட்டது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

உபரியைப் பிரிக்கவும் ஒரு வரிசை உண்டு. முதலில் நிர்வாகச் செலவு, அடுத்துத் தளவாடத் தேய்மானம், பிறகு பங்கு வட்டி, அதற்குப் பின்னர் கல்விக்கு நூற்றுக்கு இரண்டரை. இவையெல்லாம் போக மிஞ்சியதே பங்கீடு. நாற்காலியும் தராசும் ஆண்டுக்கு ஆண்டு தேய்கின்றன. அந்தத் தேய்வைக் கணக்கில் கழிக்காமல் எல்லாவற்றையும் பங்கிட்டுவிட்டால், தராசு உடையும் நாளில் புதிது வாங்கப் பணம் இராது. கல்விக்கு ஒதுக்கிய நிதியில் அவர்கள் நூலகமும் செய்தித்தாள் படிக்கும் அறையும் நடத்தினார்கள்.

எண்கள் சொல்லும் கதை

1845-ஆம் ஆண்டு முடிவில் உறுப்பினர் 74 பேர், முதல் 181 பவுன், விற்பனை 710 பவுன், உபரி 22 பவுன். 1846-இல் விற்பனை 1,146 பவுன், உபரி 80 பவுன். 1847-இல் விற்பனை 1,924 பவுனாக உயர்ந்தது. ஆனால் உபரி 72 பவுனாகக் குறைந்தது! வியாபாரம் பெருத்தால் ஆதாயமும் பெருக்கும் என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். விற்பனை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூடியபோது மிச்சம் இறங்கியிருக்கிறது. ஒரே ஓர் எண்ணைப் பார்த்து ஒரு சங்கம் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

1848-இல் உறுப்பினர் 140 பேர். அடுத்த ஆண்டிலேயே 390 பேர். அதற்கடுத்த ஆண்டு 600 பேர். இந்தத் திடீர் வளர்ச்சிக்கு ஒரு சோகமான காரணமும் உண்டு. 1849-இல் ராச்டேல் சேமிப்பு வங்கி முறிந்தது. அதன் கணக்கை நடத்தியவர் இறந்த பிறகு பார்த்தால், 70,000 பவுனுக்கு மேல் காணவில்லை! ஏழைகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. மதிப்பும் செல்வாக்கும் உள்ள ஒருவரை நம்பி, பல ஆண்டுகள் எவரும் கணக்கைக் கேட்காமல் இருந்ததன் பலன். அப்போது ஊர்மக்கள் டோட் லேன் கடையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே உறுப்பினர்கள் சாதாரணத் தொழிலாளர்கள்தாம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கைச் சத்தமாகப் படித்தார்கள். கேள்வி கேட்க எவருக்கும் உரிமை இருந்தது. பணம் அந்தப் பக்கம் திரும்பியது.

1850-இல் விற்பனை 13,179 பவுன், உபரி 880 பவுன். ஐந்தாண்டுகளுக்கு முன் 22 பவுன் உபரி கண்ட சங்கம் இது.

ஆலையால் வந்த சோதனை

நல்ல மாவு கிடைக்க வேண்டுமானால் சொந்த ஆலை வேண்டும் என்று 1850-இல் கூட்டுறவு மாவாலை ஒன்று தொடங்கப்பட்டது. கடைச் சங்கம் அதில் தன் பணத்தைப் போட்டது. ஆலையின் முதல் மாவு நன்றாக இல்லை. கலப்பட வெள்ளை மாவுக்குப் பழகிய கண்களுக்கு அதன் நிறமும் பிடிக்கவில்லை. விரைவிலேயே 400 பவுனுக்கு மேல் நட்டம். வதந்தி பரவியது. ‘ஆலை மூழ்கினால் கடையும் மூழ்கும்’ என்று அஞ்சிச் சிலர் தங்கள் முதலைத் திரும்பக் கேட்டார்கள்.

இந்த இடத்தில் பல சங்கங்கள் சாகின்றன. கணக்கை மறைப்பார்கள், அல்லது பணம் தர மறுப்பார்கள். இரண்டும் பயத்தைப் பெருக்கும். ராச்டேல்காரர்கள் நட்டத்தை நட்டம் என்றே சொன்னார்கள். கேட்டவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். மிஞ்சியவர்கள் சொந்த ஆலை மாவையே வாங்குவது என்று உறுதி கொண்டார்கள். ஆலையின் நிர்வாகத்தைத் திருத்தினார்கள். சில ஆண்டுகளில் ஆலை ஆதாயம் காணத் தொடங்கியது.

1854-இல் தொடங்கிய நெசவாலையின் கதை வேறு. அதில் உழைக்கும் தொழிலாளருக்கும் ஆதாயத்தில் பங்கு உண்டு என்பது விதி. ஆலைக்கு நல்ல ஆதாயம் வந்தது. அதைக் கண்டு, ஆதாயத்தை மட்டுமே நாடிய புதிய பங்குக்காரர்கள் பெருகினார்கள். 1862-இல் அவர்கள் வாக்கெடுத்துத் தொழிலாளர் பங்கை நீக்கிவிட்டார்கள். கணக்கின்படி அந்த ஆலைக்கு நோயே இல்லை. ஆயினும் எந்த நோக்கத்துக்காகப் பிறந்ததோ அந்த நோக்கம் போய்விட்டது. பணம் தேய்வது போலவே கொள்கை தேய்வதும் ஒரு நட்டம். அது ஐந்தொகையில் எழுதப்படுவதில்லை என்பதால் உறுப்பினர்கள்தாம் அதைக் கண்டுகொள்ள வேண்டும்.

பஞ்சு வராத ஆண்டுகள்

1860-இல் கடைச் சங்கத்தில் 3,450 பேர் இருந்தார்கள். விற்பனை 152,063 பவுன், உபரி 15,906 பவுன். அடுத்த ஆண்டு, 1861-இல், அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து வரவேண்டிய பருத்தி நின்றது. லங்காஷயர் ஆலைகள் வேலையைக் குறைத்தன, பல மூடின. ரப்பர் விலை வீழ்ந்த காலங்களில் நமது முன்னோர் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டால் போதும். எங்கோ நடக்கும் ஒன்று இங்கே அடுப்பை அணைத்துவிடும்.

எண்களைப் பாருங்கள். 1861-இல் உறுப்பினர் 3,900, முதல் 42,925 பவுன், விற்பனை 176,206 பவுன். 1862-இல் உறுப்பினர் 3,501, முதல் 38,465 பவுன், விற்பனை 141,074 பவுன். விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. ஒரே ஆண்டில் முதல் 4,400 பவுனுக்கு மேல் குறைந்தது. வேலை இழந்தவர்கள் சேமித்ததை எடுத்துச் சாப்பிட்டார்கள் என்பதே இதன் பொருள். சேமிப்பு அதற்குத்தானே? ஆனால் உபரி 18,020-இலிருந்து 17,564 பவுனாகத்தான் இறங்கியது. கடனுக்கு விற்காத கடையாதலால் வராக்கடன் என்று ஒன்று இல்லை. கேட்டவருக்குக் கொடுக்கக் கையில் பணம் இருந்தது. 1863-இல் உறுப்பினர் 4,013 ஆக உயர்ந்தது. 1867-இல் விற்பனை 284,919 பவுனை எட்டியது.

ஒரு சங்கத்தின் நலம் நல்ல ஆண்டில் தெரிவதில்லை, நேயர்களே. கெட்ட ஆண்டில் அது தன் உறுப்பினருக்கு எவ்வளவு திருப்பிக் கொடுக்க முடிகிறது என்பதில்தான் தெரிகிறது.

பின்னாளில் அண்டை ஊர்ச் சங்கங்களோடு ஒவ்வொன்றாக இணைந்து, 2007 முதல் இச்சங்கத்தின் வழிவந்த அமைப்பு பிரிட்டனின் பெரிய கூட்டுறவு நிறுவனமான கோ-ஆபரேட்டிவ் குரூப்பில் அடங்கியது. டோட் லேன் கடை 1931 முதல் காட்சிசாலையாக இருந்து வருகிறது. ராச்டேல் விதிகளை அனைத்துலகக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1937-இல் கொள்கைகளாக ஏற்று, 1966-லும் 1995-லும் காலத்துக்கேற்பத் திருத்தியமைத்தது.

நமது மண்ணில்

இந்த விதிகள் கடல் கடந்து வந்தன. சென்னையில் 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் ராச்டேல் வழியைப் பின்பற்றியது. மலாயாவில் 1922-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் தபால் தந்தி ஊழியர்களின் சிக்கன நாணயச் சங்கம் முதலாவதாகப் பதிவாயிற்று. சம்பளத்துக்கு முன்பே கடன்காரர் வாசலில் நிற்கும் நிலையைப் போக்கவே இத்தகைய சங்கங்கள் ஏற்பட்டன.

1957-இல் நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பல குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. அப்போது வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களைச் சேர்த்தார். பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம். வாரம் 2 பென்ஸும் மாதம் 10 வெள்ளியும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்றே நாம் சொல்வோம்.

நாம் கேட்க வேண்டியவை

நம்மில் பலர் ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினர். ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பு வரும், கணக்கறிக்கையும் உடன் வரும். பலர் லாப ஈவு எத்தனை விழுக்காடு என்று மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை அலமாரியில் விரித்துவிடுகிறார்கள். ராச்டேல் கதை நமக்கு ஐந்து கேள்விகளைக் கற்றுத் தருகிறது.

உறுப்பினர் தொகை சென்ற ஆண்டைவிடக் கூடியதா, குறைந்ததா? வரவு கூடியபோது மிச்சமும் கூடியதா? கொடுத்த கடனில் எவ்வளவு வராமல் நிற்கிறது? உறுப்பினர் பலர் ஒரே சமயத்தில் கேட்டால் கொடுக்கக் கையிலும் வங்கியிலும் எவ்வளவு இருக்கிறது? ஒதுக்கு நிதிக்கும் கல்விக்கும் எடுத்துவைத்த பிறகுதான் ஈவு பங்கிடப்பட்டதா?

இந்த ஐந்தையும் கேட்கப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், ஆறாம் வகுப்புப் பிள்ளையை அருகில் உட்காரவைத்து அறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு எண்ணையும் இந்த ஆண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அது நல்ல கணக்குப் பயிற்சி. உங்களுக்கோ, உங்கள் பணம் எங்கே இருக்கிறது என்ற தெளிவு. கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பதைச் சிலர் குறும்பு என்று கருதுவார்கள். உட்கணக்காய்வாளரைத் தேர்ந்தெடுக்கும்போது வாயடைத்து உட்கார்ந்திருப்பதை மரியாதை என்று கருதுவார்கள். ராச்டேல் சேமிப்பு வங்கியில் பணம் போட்டவர்களும் அப்படித்தான் மரியாதையாக இருந்தார்கள்.

ஆகவே, அடுத்த முறை உங்கள் சங்கத்தின் அறிக்கை வந்தால் அதைப் பிரித்துப் படியுங்கள். கூட்டத்துக்குப் போங்கள். கேட்க வேண்டியதைப் பணிவோடு, ஆனால் விடாமல் கேளுங்கள். கேள்வி கேட்கும் உறுப்பினர்கள் உள்ள சங்கம் நீண்ட நாள் வாழும்.